கறுத்துப்போன வெந்நீர்

அந்தப் பள்ளிக்கு மாற்றலாகிப் போன வருடம், உயிரியல் ஆய்வகத்தின் சாவியைத் தலைமையாசிரியரிடம் கேட்டேன். ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் கிண்டல் செய்யவில்லை. ஆயுத பூஜைக்கும் செய்முறைத் தேர்வுக்கும் மட்டும்தான் அந்தக் கதவைத் திறப்பார்களாம். உள்ளே போய்ப் பார்த்தால் வெளியே எடுத்து வைத்திருந்த ஒவ்வொரு மைக்ராஸ்கோப்பின் தலையிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு இன்னும் தெர்மாகோலை விட்டு வெளியிலேயே வரவில்லை. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற ஒரே பயத்தில் அத்தனையும் புத்தம் புதிதாகக் கிடந்தன. எனக்கு முன்கோபம் உண்டு. உடைந்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று சாவியை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பள்ளி, உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் வயல். ஊரிலிருந்தும் வருவார்கள், காலனியிலிருந்தும் வருவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவில் பெண்கள்தான் அதிகம். உயிரித் தொழில்நுட்பப் பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். மரபணுவை வெட்டுவது, ஒட்டுவது, பாக்டீரியாவுக்குள் ஏற்றுவது எல்லாம் மனப்பாடம். கிருமி வளர்க்கிற பெட்ரி தட்டு எவ்வளவு பெரியது என்று முதல் நாள் கேட்டேன். உள்ளங்கையில் அடங்குகிற அதற்கு ஒருவன் இரண்டு கையையும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரித்துக் காட்டினான். யாரும் சிரிக்கவில்லை. யாருக்காவது தெரிந்திருந்தால்தானே சிரிப்பார்கள்.

செய்முறைப் பதிவேடு மட்டும் எல்லோரிடமும் அழகாக இருந்தது. கடையில் விற்கிற கைடைப் பார்த்து நோக்கம், தேவையானவை, செய்முறை, முடிவு என்று பச்சை மையில் கோடு போட்டு எழுதியிருந்தார்கள். செய்யாத சோதனைக்கு முடிவு எப்படி வந்தது என்று கேட்டால் முழித்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நானே வெங்காயச் செல்லைப் பார்க்காமல் வரைந்து பாஸானவள்தான். பி.எஸ்ஸி. படிக்கப் போன பிறகுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்ததும் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் வந்தது.

அதனால் கையில் கிடைத்ததை வைத்து ஆரம்பித்தோம். வீட்டிலிருந்து குக்கரைக் கொண்டுபோய் அதில் கண்ணாடிப் பாத்திரங்களை அவித்துச் சுத்தப்படுத்தினோம். நான் எவ்வளவு தேய்த்தும் அந்தக் குக்கரில் சாம்பார் வாசனை போகவில்லை. தயிரைத் தொட்டுக் கண்ணாடியில் தடவிப் பார்த்தோம். புளித்த மாவில் ஈஸ்ட் மொட்டு விடுவதைப் பார்த்தோம். இத்தனை உசிரையா தின்கிறோம் என்று ஒருத்தி கொஞ்ச நாள் இட்லியைத் தொடவில்லையாம். அவள் அம்மா பள்ளிக்கே வந்து என்னிடம் சண்டை போட்டுவிட்டுப் போனார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு ஏரி நிரம்பிய சமயம், தண்ணீர்ச் சோதனையை எடுத்தோம். எளிமையான சோதனைதான். மருந்தில் தோய்த்துக் காயவைத்த காகிதத் துண்டு ஒன்றைச் சின்ன கண்ணாடி பாட்டிலில் போட்டு அவித்து வைத்துக்கொள்ள வேண்டும். அதில் குடிதண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் போதும். தண்ணீரில் சாக்கடையிலிருந்தும் மலத்திலிருந்தும் வருகிற கிருமி இருந்தால் ஓரிரு நாளில் பாட்டில் கறுத்துப்போகும். இல்லாவிட்டால் அப்படியே தெளிவாக நிற்கும். ஆளுக்கு இரண்டு பாட்டில் கொடுத்தேன். ஒன்றில் குழாயில் பிடித்தபடியே தண்ணீர், இன்னொன்றில் கொதிக்க வைத்த தண்ணீர். காய்ச்சிய தண்ணீரை அந்தச் சூட்டோடேயே ஊற்றி மூடி, ஆறவிட்டுக் கொண்டுவரச் சொன்னேன்.

ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, காலனிக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி. நிலபுலன் உள்ள வீட்டுப் பையன் ஒருவன், எங்க தொட்டித் தண்ணி கறுக்காது டீச்சர் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இரண்டு தொட்டித் தண்ணீரும் ஒரே மாதிரி கறுத்திருந்தன. அவன் தன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூடியைத் திறக்காதே என்று சொல்வதற்குள் திறந்துவிட்டான். அழுகிய முட்டை நாற்றம் வகுப்பு முழுக்க அடித்தது. அன்றைக்கு அந்த வகுப்பில் ஊர், காலனி என்று யாரும் பேசவில்லை.

கொதிக்க வைத்த தண்ணீர்ப் பாட்டில்கள் எல்லாமே தெளிவாக இருந்தன, ஒன்றைத் தவிர. அது காலனியிலிருந்து வருகிற, அதிகம் பேசாத ஒரு பெண்ணுடையது. அவளுடைய அக்காவும் இதில் வருவதால் இவளைத் தங்கை என்றே சொல்லிவிடுகிறேன். தங்கையின் இரண்டு பாட்டிலும் மை ஊற்றியது போல் இருந்தன. பாட்டில் மாறிப்போயிருக்கும், வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லி ஒதுக்கி வைத்தேன். பக்கத்து பெஞ்சுப் பெண்கள், முடிவு என்ன என்று பார்க்காமலே, கொதிக்க வைத்த நீரில் கிருமிகள் இல்லை என்று பதிவேட்டில் எழுதி முடித்திருந்தார்கள். தங்கையையும் அப்படியே எழுதச் சொல்லி ஒருத்தி காதில் ஓதிக்கொண்டிருந்தாள். தங்கை எழுதவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், பாட்டில் மாறல. மத்தவங்கள்லாம் இதுக்குன்னு காய்ச்சினாங்க. நாங்க தெனமும் காய்ச்சுறோம். வூட்ல கொயந்த கீது. அதுக்கு வெச்சிருந்த தண்ணியத்தான் எடுத்தாந்தேன்."

அவள் முகம் சரியில்லை. உட்காரவைத்துக் கேட்டேன். தாமல் பக்கம் கட்டிக்கொடுத்த அக்கா பிரசவத்துக்கு வந்து தாய் வீட்டில் இருக்கிறாள். கைக்குழந்தைக்கு அடிக்கடி வயிற்றால் போகிறது. ஒரு வாரம் நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும். எடை ஏறவே இல்லை. இதற்கு முன்பு அக்காவுக்கு ஒரு குழந்தை பிறந்து, அதுவும் இதே வீட்டில், இதே மழைக்காலத்தில், தலை நிற்பதற்குள் பேதியிலேயே போய்விட்டது. அக்காவின் பால் குழந்தைக்குச் சேரவில்லை என்று மாமியார் வீட்டில் அப்போதே சொல்லிவிட்டார்கள். இந்தக் குழந்தைக்கும் அதே மாதிரி ஆரம்பித்ததும் மாமியார் நேரில் வந்து, தாய்ப்பாலை நிறுத்திவிட்டு மாவுப்பால் கரைத்துக் கொடுக்கச் சொல்லிப் போயிருக்கிறார். இதுவும் தங்காமல் போனால் மருமகள் திரும்பி வரவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள் என்றாள் தங்கை.

மாவுப்பாலை எந்தத் தண்ணீரில் கரைக்கிறீர்கள் என்று கேட்டேன். இந்தத் தண்ணீரில்தான், பிறந்ததிலிருந்து தாகத்துக்குப் புகட்டுவதும் இதைத்தான், முதல் குழந்தைக்கும் இப்படித்தான் என்றாள்.

அப்போதும் எனக்குக் காரணம் புரியவில்லை. கிராம செவிலியர் வீட்டுக்கே வந்து, தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் டாக்டர், காய்ச்சின தண்ணியா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது பொய்யில்லை. உண்மையாகவே காய்ச்சுகிறார்கள். பாத்திரம் சுத்தமாக இல்லையோ, துணியில் வடிகட்டுகிறார்களோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியான பதில்தான் சொன்னாள். கடைசியில், வாயால் சொல்ல வேண்டாம், வீட்டில் செய்கிற மாதிரியே இங்கே செய்து காட்டு என்றேன்.

மதிய உணவு நேரம். வகுப்பில் பாதிப் பேர் சுற்றி நின்றார்கள். அவள் ஆய்வகத்து அடுப்பைப் பற்றவைத்து, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தளதளவென்று கொதிக்கும்வரை நின்றாள். கொதித்த பிறகும் கொஞ்ச நேரம் விட்டாள். தாவணி முனையால் பிடித்து இறக்கி, ஒரு சொம்பில் ஊற்றினாள். பிறகு இன்னொரு கையால் குழாய்த் தண்ணீர் இருந்த மக்கை எடுத்துச் சொம்பில் கொஞ்சம் விட்டாள். விரலை வைத்துச் சூடு பார்த்தாள். இன்னும் கொஞ்சம் விட்டாள்.

நாங்கள் யாருமே ஒன்றும் கவனிக்கவில்லை. நானும்தான். குளிக்கவும் குடிக்கவும் வெந்நீர் என்றால் பச்சைத்தண்ணீர் விட்டு விளாவுவது எங்கள் வீட்டிலும் பிறந்ததிலிருந்து பார்த்தது. என் அம்மா அப்படித்தான் கொடுத்தார். விளாவாத வெந்நீரை யாராவது நீட்டினால், கொதிக்கிறதே, விளாவக் கூடாதா என்று கோபம் வரும். அவ்வளவு பழகிய காரியத்தைக் கண் எப்படிப் பார்க்கும். அவள் கைதான் நின்றது. மக்கைப் பிடித்தபடி சொம்பையே பார்த்தாள்.

"டீச்சர், இது பச்சத்தண்ணி" என்றாள்.

சுற்றி நின்றவர்களில் ஒருத்தி, ஆமாம், அதற்கென்ன என்று கேட்டாள். தங்கை மக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். காய்ச்சிய பிறகு அதில் எதைக் கலக்கிறீர்கள் என்ற இந்த ஒரு கேள்வியைச் செவிலியர் கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை, பாடப்புத்தகம் எழுதியவர் கேட்கவில்லை. புத்தகத்தில் தண்ணீர் கொதிப்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு வீட்டில் அந்தத் தண்ணீரை என்ன செய்வார்கள் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

அன்று கடைசி பீரியடை வேறொரு ஆசிரியையிடம் விட்டுவிட்டு, தங்கையை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நடவு வேலையிலிருந்து அம்மா அப்போதுதான் வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. டீச்சர் வந்துவிட்டார்களே என்று பதறிப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். குழந்தையைப் பார்த்தேன். உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. அழுதபோது கண்ணீர் வரவில்லை. உடம்பில் நீர் வற்றிப்போயிருந்தது.

தங்கை அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். அம்மாவுக்குக் கோபம் வந்தது.

"கொதிக்க கொதிக்க கொயந்த வாயில எப்டி ஊத்துறது? ஆறுறதுக்குள்ள அது கத்தி உசுர வுட்ரும். ரவ பச்சத்தண்ணி வுட்டு வெளாவித்தான் குடுப்பாங்க. ஒலகத்துல நாங்க மட்டுமா இத பண்ணிக்கினு கீறோம்?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. உலகத்தில் அவர்கள் மட்டும் செய்யவில்லை. இதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன். நாளைக்குக் கூலி வாங்கிக்கொண்டு போகலாம் என்றார். நான் குரலை உயர்த்திவிட்டேன். அடுத்தவர் வீட்டில் நின்றுகொண்டு அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. தெருவில் நான்கு பேர் எட்டிப் பார்த்தார்கள். எப்படியோ கிளம்பினார்கள்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் அக்காவும் அம்மாவும் போக, நானும் தங்கையும் பஸ்ஸில் பின்னால் போனோம். குழந்தைக்குக் கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். பிழைக்குமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. மறுநாள் மதியம் குழந்தை சிறுநீர் கழித்தது. அதைப் பார்த்து அம்மா, வார்டு என்று பார்க்காமல் தரையில் விழுந்து கும்பிட்டார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் தண்ணீர் குடித்தோம்.

நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பார்க்கப் போனேன். குழந்தை தேறியிருந்தது. வார்டு நர்ஸ் ஒருவர் அக்காவைத் திட்டித் திட்டியே மறுபடி தாய்ப்பால் கொடுக்கப் பழக்கியிருந்தார். பால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்க ஆரம்பித்திருந்தது. அக்கா வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு அவளாகவே பேசினாள்.

"நானும் அதே ஸ்கூல்தான் டீச்சர். பயாலஜி குரூப்பு. கொதிக்க வெச்சா கிருமி செத்துடும்னு நானும் எழுதினேன். பிராக்டிகல்ல ஃபுல் மார்க்கு."

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவளுக்கு மார்க் போட்டவர் நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். ஏழைப் பிள்ளை, போகட்டும் என்று முழு மதிப்பெண்ணைப் போட்டிருப்பார். ஆய்வகத்தைப் பூட்டி வைத்தவரும் கெட்டவர் இல்லை. பொருள் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்தவர்தான். அப்படிப் பத்திரமாக வைத்திருந்த அறைக்கு முன்னால் இவள் இரண்டு வருடம் நடந்து போயிருக்கிறாள். நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. பிள்ளைகளுக்கு இரண்டு பாட்டிலைக் கையில் கொடுப்பது ஒரு சலுகை என்று பேசுகிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. நான்கு சுவருக்குள் ஒரு தடவை வெந்நீர் காய்ச்சியிருந்தால் போதும். யாராவது ஒருத்தியின் கை பழக்கத்தில் மக்கைத் தேடிப் போயிருக்கும்.

"எனக்கு அத ஒருவாட்டி செஞ்சி பாக்கணும் டீச்சர்" என்றாள் அக்கா.

தேவையில்லை, தங்கை செய்து பார்த்துவிட்டாள், முடிவு தெரிந்ததுதான் என்றேன். உண்மையில் எனக்குப் பயம். அந்தப் பாட்டில் கறுப்பதை இவள் பார்த்தால், முதல் குழந்தைக்குத் தன் கையால் எதைக் கொடுத்தோம் என்று நினைக்காமல் இருப்பாளா. பார்க்காமல் விட்டால் நல்லது என்று நினைத்தேன். அவள் விடவில்லை. நான் பாக்கணும் என்று மறுபடியும் சொன்னாள்.

குழந்தையோடு வீடு திரும்பிய பிறகு, ஒரு நாள் பள்ளி விட்டதும் வந்தாள். குழந்தையைத் தங்கை வாங்கிக்கொண்டாள். அக்கா கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வீட்டிலிருந்து கேனில் கொண்டுவந்திருந்த குழாய்த் தண்ணீரை அடுப்பில் வைத்துக் காய்ச்சினாள். பாதியை அப்படியே ஒரு பாட்டிலில் ஊற்றி மூடினாள். மீதியை, வீட்டில் செய்வது போலவே பச்சைத்தண்ணீர் விட்டு விளாவி, விரல் வைத்துச் சூடு பார்த்து, இன்னொரு பாட்டிலில் ஊற்றினாள். பாட்டில்களில் அடையாளம் எழுத வேண்டும் என்று நான் சொல்வதற்குள் அவளே பேனாவை எடுத்து எழுதினாள். நன்றாகப் படித்த பிள்ளையின் கையெழுத்து. இரண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

இரண்டாம் நாள் மத்தியானம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அலமாரியைத் திறந்தேன். ஒன்று தெளிவாக இருந்தது. ஒன்று கறுத்திருந்தது. கறுத்ததை அவள் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மூடியைத் திறக்கவில்லை. நான் அதற்குள் பேச வேண்டியதையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, உன் மேல் தப்பில்லை, ஊரே இப்படித்தான் செய்கிறது என்று சொல்ல நினைத்திருந்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவளே கேட்டாள்.

"அப்போ எம் பாலு நல்லாதான் இருந்திச்சா டீச்சர்?"

"நல்லாத்தான் இருந்துதும்மா" என்றேன்.

அவள் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை.

"ரெண்டு பேருக்குமா?"

சோதித்துப் பார்க்காத எதையும் நிச்சயமாகச் சொல்லக் கூடாது என்று அதே அறையில் நின்று பிள்ளைகளை எத்தனையோ தரம் அதட்டியிருக்கிறேன். முதல் குழந்தைக்கு வந்தது என்ன என்று சொல்ல இப்போது என்னிடம் எந்தச் சோதனையும் இல்லை.

"ரெண்டு பேருக்கும்" என்றேன்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழந்தை பசிக்கு அழ ஆரம்பித்தது. முந்தானையை இழுத்துவிட்டுப் பால் கொடுத்தாள். அப்புறம்தான் அவளும் அழுதாள், முதல் பிள்ளையின் பேரைச் சொல்லி. தண்ணீரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றேன். அடுத்த பீரியடுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரிசையாக வந்துகொண்டிருந்தது. தங்கையை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு, மற்றவர்களை வேப்பமரத்தடியில் போய் உட்காரச் சொன்னேன்.